சனிக்கிழமைக் கண்ணாடி

அண்ணன் வீட்டுக் கூடத்தில் தூணைக் காணோம் என்பதை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருடமாகக் கூடத்தின் நட்டநடுவில் நின்ற தூண். அதில் தோளை இடித்துக்கொள்ளாத ஆள் எங்கள் உறவில் கிடையாது. வீட்டைக் கட்டிய மேஸ்திரியே அண்ணன்தான் என்பதால், இடித்துக்கொண்ட ஒவ்வொருவரும் அவரிடமே வந்து புகார் சொல்வார்கள். "அது நின்ன இடத்துலதான் நிக்குது, நீதான் போய் மோதின" என்பார் அவர். இப்போது அந்த இடத்தில், தரையில் புதிதாகச் சிமெண்ட் பூசிய ஒரு சதுரம் மட்டும் இருந்தது. அதன்மேல் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு வெட்டு மேசை கிடந்தது.

"பில்லர் எங்கண்ணா?"

"வா பாப்பா. டீ குடிக்கிறியா?"

எனக்கு ஐம்பத்தோரு வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"பில்லர் எங்கனு கேட்டேன்."

"இடைஞ்சலா இருந்துச்சு. எடுத்துட்டேன்."

காலில் தைத்த முள்ளை எடுத்ததுபோலச் சொன்னார். நான் கட்டிடங்களைச் சோதித்துச் சொல்லும் இன்ஜினியர். விரிசல் விட்ட வீடு, தொய்ந்த தளம், சாய்ந்த சுவர், இவைதான் என் பிழைப்பு. ஊரார் வீட்டிலெல்லாம் மூக்கை நுழைத்துக் குற்றம் சொல்கிறவளுக்குக் கூடப்பிறந்தவர் வீட்டிலேயே இப்படியா என்று உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

காரணத்தை அண்ணிதான் சொன்னார். அவர் கீழ்க்கூடத்தில் ஆறு தையல் மெஷின் போட்டு, நான்கு பெண்களை வைத்துப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். துணியை ஐம்பது அடுக்காக விரித்து ஒரே வெட்டில் வெட்ட நீளமான மேசை வேண்டும். தூண் குறுக்கே நின்றதால் இத்தனை வருடம் துணியை மடித்தும் ஒடித்தும் வெட்டி, இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். இந்த முறை மூன்று பள்ளிக்கூடங்களின் வேலை ஒன்றாக வந்துவிட்டது. பெண்களுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்துவிட்டு, அண்ணன் தானே உட்கார்ந்து தூணை அறுத்து எடுத்திருக்கிறார். மனைவி மேல் அவருக்கு இருந்த அன்பை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. இப்படி ஏதாவது செய்வார்.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறி உத்தரத்தைப் பார்த்தேன். தூணின் தலை இருந்த இடத்துக்கு நேர் மேலே, பீமின் அடிவயிற்றில் குறுக்காக ஒரு விரிசல். என் விசிட்டிங் கார்டின் ஓரம் அதற்குள் போனது.

"கீழ்க்கம்பியை எங்க ஒட்டுப் போட்ட?"

அண்ணன் தலையை நிமிர்த்தி விரிசலைப் பார்த்தார். அவருக்குக் கேள்வி புரிந்துவிட்டது.

ஒட்டு என்றால் இதுதான். கம்பி நீளம் போதாத இடத்தில் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை ஏற்றி வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டுவார்கள். கான்கிரீட் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட்டை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும். இழுத்தால் மட்டும் கிழிந்துவிடும். அதனால் எங்கே இழுபடுமோ அங்கே இரும்பு வைக்கிறோம். இரண்டு தூண்களுக்கு நடுவில் பீமின் அடிப்பக்கம் இழுபடும். தூணின் தலைக்கு மேலே முதுகுப்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் அமுங்கும். ஆகவே, விவரம் தெரிந்த மேஸ்திரி கீழ்க்கம்பியின் ஒட்டைத் தூணுக்கு மேலேதான் போடுவார். அங்கேதான் அந்த ஒட்டுக்கு வேலை இல்லை.

அண்ணன் விவரம் தெரிந்தவர். பீமைச் சரியாகத்தான் கட்டியிருந்தார். ஆனால் தூணை எடுத்ததும் அமுங்கிக் கிடந்த இடம் இழுபடும் இடமாக மாறிவிட்டது. அதுவும் நடுவயிறு. இருப்பதிலேயே அதிக இழுப்பு அங்கேதான். அந்த இடத்தில் இருந்ததோ முழுக்கம்பி அல்ல, ஒட்டு.

"அப்புறம் எப்படி நிக்குது? பத்து நாள் ஆச்சே?" என்றார் அண்ணன்.

"மாடிச் சுவர் கொஞ்சம் தாங்குது. ரெண்டு பக்கமும் கொஞ்சம் தாங்குது. கட்டிடம் உடனே விழாதுண்ணா. யார் தோள்லயாவது சாஞ்சு நிக்கும். அவங்களுக்கும் முடியாதப்போ விழும்."

இவ்வளவோடு நான் நிறுத்தியிருந்தால் நல்லது. நிறுத்தவில்லை. அண்ணியும் நான்கு தையல் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, "நாப்பது வருஷம் கொல்லறுக் கரண்டி பிடிச்சு என்னத்தக் கிழிச்ச? ஒரு பில்லர் எதுக்கு நிக்குதுனு தெரியாதா உனக்கு? சின்னக் குழந்தைகூட அடியில இருக்கற கட்டையை உருவாது" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினேன். மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. அண்ணன் தலையைக் குனிந்து, அந்தச் சிமெண்ட் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்துவிட்டார்கள். அதை நானும் நம்பிவிட்டேன்.

இது முதல் தடவையும் இல்லை. படித்து முடித்த புதிதில், அண்ணன் வேலை செய்த ஒரு சைட்டுக்குப் போனேன். என்னைப் படிக்க வைத்தவரே அவர்தான். அன்று எட்டு ஆட்கள் முன்னால், ஜன்னலுக்கு மேலே போட்டிருந்த சன்ஷேடைச் சுரண்டிப் பார்த்தேன். கம்பி அடியில் கிடந்தது. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்கு முதுகில்தான் இழுப்பு, கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து மிதித்துக் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள். "இடி" என்றேன். "சாயங்காலம் ஆளுங்க போனப்புறம் இடிச்சுடறேன் பாப்பா" என்றார் அண்ணன். "இப்பவே இடி, என் கண்ணு முன்னால இடி" என்றேன். சுத்தியலை எடுத்துத் தானே இடித்தார். அன்றிலிருந்து அவர் ஆட்கள் என் தலையைப் பார்த்தாலே "செக்கிங் வருது, செக்கிங் வருது" என்று கிசுகிசுப்பார்கள். அண்ணன் அதற்கப்புறம் எந்த வேலையையும் என்னிடம் காட்டியதில்லை.

நான் சொன்னது சரிதான். அந்தச் சன்ஷேட் இருந்திருந்தால் யார் தலையிலாவது விழுந்திருக்கும். இருபத்தேழு வருடமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சாயங்காலம் இடித்திருந்தாலும் அது அதே மாதிரி இடிந்திருக்கும்.

தூணைத் திரும்பக் கட்ட வேண்டும், அதுவரை வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மாதம்தான் இருக்கிறது, வேலையை இப்போது நிறுத்தினால் அண்ணியை நம்பி இனி யாரும் துணி கொடுக்க மாட்டார்கள் என்றார். நான் விடாக்கண்டன், அவர் கொடாக்கண்டன். கடைசியில் ஒரு நடுவழிக்கு வந்தோம். பீமுக்கு அடியில் இரண்டு ஜாக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். திருகினால் உயருகிற இரும்புக்கால் அது, சென்ட்ரிங் வேலைக்கு எல்லா மேஸ்திரியிடமும் இருக்கும். மேசையை இரண்டாக அறுத்து, முட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி போட்டுக்கொள்ள வேண்டும். சீருடை வேலை முடிந்த மறுநாளே தூண் வேலை தொடங்க வேண்டும். அதுவரை விரிசலின் மேல் நான் கண்ணாடி ஒட்டுவேன்.

"கண்ணாடியா? எதுக்கு?" என்றார் அண்ணி.

"விரிசல் வளருதா இல்லையானு கண்ணுக்குத் தெரியாது அண்ணி. மெல்லிசு கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்க வெச்சு, ரெண்டு முனையையும் சிமெண்ட் பசையால ஒட்டிடுவோம். விரிசல் ஒரு முடி அளவு அகலமானாலும் கண்ணாடி பட்டுனு உடைஞ்சுடும். அதுக்கு முகதாட்சண்யம் கிடையாது."

மூன்று கண்ணாடி ஒட்டினேன். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் தேதி எழுதினேன். பிறகு அண்ணனைப் பார்த்து விரலை நீட்டிச் சொன்னேன்:

"ஒரே ஒரு கண்ணாடி உடைஞ்சாலும் அந்த நிமிஷமே எல்லாரும் வெளிய. எனக்குப் போன் பண்ணு. நான் வந்து என் கையால பூட்டுப் போடுவேன். புரிஞ்சுதா?"

"சரி பாப்பா."

அண்ணன் கல்லுளிமங்கன். சட்டென்று சரி என்று சொன்னால் பயப்பட வேண்டிய ஆள். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில், மிச்சக் கண்ணாடி இருந்த பெட்டியையும் மார்க்கரையும் ஜன்னல் திண்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்குப் போவேன். ஸ்டூலில் ஏறுவேன். மூன்று கண்ணாடியும் முழுசாக இருக்கும். என் தேதி அப்படியே இருக்கும். கார்டின் ஓரத்தை விரிசலில் நுழைத்துப் பார்ப்பேன். நுழையாது. முட்டு நன்றாகத் தாங்கி விரிசலை மூடியிருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். ஜாக்கி இரண்டும் நெட்டுக்குத்தாக நிற்கும். மேசையின் இரண்டு பாதிகளும் இரண்டு பக்கமும் ஒழுங்காக இருக்கும்.

"பாத்தியா? உன் பீமுக்கே என்னைக் கண்டா பயம்" என்றேன் மூன்றாவது வாரம்.

அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

இப்போது நினைத்தால் என் கண்ணை நானே குத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது. நான்காவது வாரம் அண்ணனின் நகக்கண்ணில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. "இந்த வயசுலயும் பூச்சு வேலையா, ஆள் வெக்கக்கூடாதா?" என்று கேலி செய்தேன். கண்ணாடியின் முனைகளில் பசை அளவெடுத்து வைத்ததுபோல், விளிம்பு வழித்து, நறுவிசாக இருந்தது. என் கைவேலை ஒருநாளும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. நான் அதைப் பார்த்து என்ன நினைத்தேன் தெரியுமா? பரவாயில்லையே, நானும் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன். அண்ணியின் சீருடைக் கட்டுகள் சுவரோரம் உயர்ந்துகொண்டே போயின. அரை மேசையில் எப்படி இவ்வளவு வேகம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம் மறந்துவிட்டேன். கண்ணாடி முழுசாக இருக்கிறபோது வேறு எதைப் பார்ப்பது?

ஐந்தாவது சனிக்கிழமை நான் ஸ்டூலிலிருந்து இறங்கும்போது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"ஒருவேளை... சும்மா பேச்சுக்குக் கேக்கறேன். ஒருவேளை கண்ணாடி உடைஞ்சா, உடனே பூட்டத்தான் வேணுமா? வேற வழி ஏதாவது..."

"ஆரம்பிச்சுட்டியா?" என்று பிடித்துக்கொண்டேன். "பேசினது பேசினதுதான். மறுபடியும் உன் மேஸ்திரி மூளையை உபயோகிக்காதே. ஏற்கெனவே உபயோகிச்சதுக்குத்தான் நான் வாராவாரம் வந்து ஸ்டூல்ல ஏறி எறங்கறேன்."

உள்ளே ஒரு தையல் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் கையை எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. டீ ஆறுது, குடி" என்றார்.

குடித்துவிட்டு வந்தேன். ஆறாவது வாரமும் ஏழாவது வாரமும் எல்லாம் சரியாக இருந்தது.

எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை. வேறொரு சைட்டில் தளக் கம்பிகளின் இடைவெளியை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன். மூணே முக்காலுக்கு அண்ணி போன் செய்தார். "பாப்பா, வீடு" என்றார். பின்னாலிருந்து யாரோ கத்துவது மட்டும் கேட்டது.

நான் போனபோது தெரு முழுக்கத் தூசி. வீட்டின் முன்பக்கம் நின்றது, பின்பக்கம் நின்றது. நடுவில் கூடம் இல்லை. பீம் நடுவில் ஒடிந்து, மாடிச் சுவரையும் தளத்தையும் இழுத்துக்கொண்டு கீழே வந்திருந்தது. மாடி அறை அலமாரி சரிவில் பாதி வழி வந்து நின்றிருந்தது. தையல் பெண்கள் நான்கு பேரும் எதிர்வீட்டு வாசலில் அழுதுகொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கே அண்ணன் அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாராம். சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார்கள். அண்ணி பின்கட்டில் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்தார்.

அண்ணனை ஆறு மணிக்கு எடுத்தார்கள். முகத்தில் காயமே இல்லை. சிமெண்ட் தூசி மட்டும் படிந்திருந்தது, எந்த நாளும் வேலை முடிந்து வரும்போது இருப்பதுபோல.

நான் அழவில்லை. தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, அது பாழாய்ப் போக. மீட்புப் படையினர் விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தபோது, யார் தடுத்தும் கேட்காமல் இடிபாட்டுக்குள் இறங்கிப் பார்த்தேன். ஒட்டு இருந்த இடத்தில் கம்பிகள் அறுபடவில்லை. ஒன்றைவிட்டு ஒன்று அப்படியே வழுக்கிப் பிரிந்திருந்தன, பிடித்திருந்த கையை விட்டதுபோல. ஒரே இழுப்பில் வருவதல்ல அது. பாரம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தால்தான் கம்பி இவ்வளவு வழவழப்பாக உருவிக்கொண்டு வரும். ஜாக்கி ஒன்று அண்ணன் பக்கத்தில் கிடந்தது. அதன் திருகு பாதி உயரத்தில் நின்றிருந்தது. இன்னொன்று தூரத்தில் சுவரோரம் படுத்திருந்தது, எழுப்பப்படவே இல்லை. தளத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்த மேசை இரண்டு பாதியாக இல்லை. நடுவில் இரும்புப் பட்டை போட்டுச் சேர்த்த, பன்னிரண்டு அடி முழு மேசை. ஜன்னல் திண்டில் கண்ணாடிப் பெட்டி மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தது. நான் வைத்தபோது அதில் இருபத்திரண்டு துண்டு இருந்தது. இப்போது ஒன்று.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முழுதாகக் கேட்க எனக்கு நான்கு நாள் ஆனது.

அண்ணியை என் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். அண்ணன் மகள் வெளியூரிலிருந்து வந்து, அப்பாவின் காரியங்களை முடித்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சான்றிதழுக்காக அலைந்துகொண்டிருந்தாள். மத்தியானம் வீட்டில் நானும் அண்ணியும் மட்டும். கட்டிட விபத்து விசாரணைக்காக வந்த படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். "இடிவதற்கு முன் எச்சரிக்கை அறிகுறி ஏதேனும் தென்பட்டதா?" என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

அண்ணி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"முதல் வாரமே உடைஞ்சுடுச்சு" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ சனிக்கிழமை மத்தியானம் கெளம்பிப் போவியா, அப்புறம் ஜாக்கியை எறக்கி ஓரமா வெச்சுட்டு மேசையைச் சேப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வெட்டுவோம். அப்புறம் அவர் ஜாக்கியை மறுபடியும் ஏத்தி இறுக்குவார். விரிசல் மூடிக்கும். உடைஞ்ச கண்ணாடியைச் சுரண்டிட்டுப் புதுசு ஒட்டி, உன் தேதியைப் பாத்து அப்படியே எழுதுவார். வாராவாரம் மூணும் உடைஞ்சுது. ஏழு வாரமும்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லுங்கன்னுதான் அவர்கிட்ட சொன்னேன். முதல் வாரமே போனை எடுத்துக் கையில குடுத்தேன். வாங்கி வெச்சுட்டார்." அண்ணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "'சொன்னா அவ வந்து இவங்க எல்லார் முன்னாலயும் மறுபடி கத்துவா. எனக்கு அறுபத்திரண்டு வயசாச்சு, இன்னொரு தடவை அதை வாங்கறதுக்குத் தெம்பில்ல. வேலை முடியட்டும், பில்லரைக் கட்டிட்டே சொல்லிடலாம்'னார். எனக்கும் துணி முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது பாப்பா, எனக்கும் உன்கிட்டப் பேச பயம்."

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள். பீம் வலித்த இடத்தில் வாய் திறந்தது, கண்ணாடி வாராவாரம் கத்தியது. மனிதர்கள்தான் வாயை மூடிக்கொண்டார்கள். மூட வைத்தவள் நான். ஏழு சனிக்கிழமை அந்த ஸ்டூலில் ஏறி, என்னைக் கண்டு நடுங்கும் இரண்டு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

"அன்னைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"மத்தியானம் மேல பாத்துட்டு வந்தார். விரிசல்ல சுண்டுவிரல் போகுதுன்னார். மூஞ்சியே வெளுத்துப்போச்சு. பொண்ணுங்களை அனுப்பிட்டு, என்னையும் பின்பக்கம் போகச் சொன்னார். 'இந்த வாரம் புதுக் கண்ணாடி ஒட்டப் போறதில்ல. உடைஞ்சது உடைஞ்சபடியே இருக்கட்டும். நாளைக்குப் பாப்பா வந்து பாக்கட்டும், எவ்வளவு திட்டணுமோ திட்டட்டும், வாங்கிக்கறேன்'னார். 'ஜாக்கி முட்டு மட்டும் குடுத்துட்டு வந்துடறேன், அவ ஸ்டூல்ல ஏறும்போது மேல விழுந்துடக் கூடாது'ன்னு போனார்."

சுற்றியிருந்த தலைப்பை அண்ணி விரலிலிருந்து அவிழ்த்தார்.

எதிரில் படிவம் கிடந்தது. அறிகுறி தென்பட்டது என்று எழுத வேண்டும். யாருக்கு என்று அடுத்த வரியில் கேட்டிருந்தார்கள். பார்வையிட்ட இன்ஜினியரின் பெயர், கையெழுத்து என்று அதற்கடுத்த வரி. எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். கை நகரவில்லை. வெளியே யாரோ கேட்டைத் திறந்து மூடினார்கள். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"ஏதாவது சொல்லு பாப்பா" என்றார். "திட்டவாவது திட்டு. நீ பேசாம இருக்கறது அதைவிடப் பயமா இருக்கு."

அவரைப் பயப்பட வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதை எந்தக் குரலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.